பல்லாண்டு உணவுச்செடிகள் வளர்ப்பது எப்படி: குழி சோதனையிலிருந்து மூன்றாம் வருட அறுவடை வரை

தக்காளியில் தப்பு செய்தால் மூன்று மாதத்தில் தெரிந்துவிடும். பிடுங்கிப் போட்டுவிட்டு அடுத்த பட்டத்தில் சரிசெய்துகொள்ளலாம். பல்லாண்டுச் செடியில் அந்தச் சலுகை கிடையாது. விதையிலிருந்து வந்த கோவைக்கொடி பந்தலையே மூடி நிற்கும், ஆனால் ஒரு காய் இருக்காது. அது ஆண் கொடி என்று தெரிவதற்குள் ஒரு வருடம் போயிருக்கும். தண்ணீர் தேங்கும் மூலையில் வைத்த மரக்கீரை முதல் மழைக்காலத்தைத் தாண்டிவிடும், இரண்டாவது மழையில் அடித்தண்டு அழுகிச் சாயும். தப்பு நடந்த நாளுக்கும் அது கண்ணில் படும் நாளுக்கும் நடுவில் இப்படி ஒன்றிரண்டு வருடம் கிடக்கிறது. அதனால்தான் இங்கே பாதிப் படிகள் செடியை மண்ணில் வைப்பதற்கு முன்பே முடிந்துவிடுகின்றன. அவசரப்பட்டு ஐந்தாம் படியிலிருந்து தொடங்காதீர்கள்.

கீழே உள்ள செடிகள் பெரும்பாலும் உறைபனி விழாத வெப்பமான நிலத்துக்கு உரியவை. குளிர்நாட்டில் இருப்பவர்களுக்குச் செடிப்பட்டியல் மாறும், படிகளின் வரிசை மாறாது. அவர்களுக்கான குறிப்பு இரண்டாம் படியின் முடிவில் இருக்கிறது.

படி 1: குழி தோண்டித் தண்ணீர் ஊற்றுங்கள்

நடப்போகும் இடத்தில் 30 செ.மீ. அகலம், 30 செ.மீ. ஆழத்தில் ஒரு குழி எடுங்கள். விளிம்பு வரை தண்ணீர் ஊற்றி முழுவதும் வடிய விடுங்கள். இது மண்ணை நனைப்பதற்கு மட்டும், இதை அளக்க வேண்டாம். மறுபடி நிரப்பி, ஒரு குச்சியைச் செருகி நீர்மட்டத்தைக் கோடு போட்டுக் குறியுங்கள். ஒரு மணி நேரம் கழித்து எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பாருங்கள்.

மணிக்கு 2 முதல் 10 செ.மீ. இறங்கினால் பெரும்பாலான செடிகளுக்கு ஏற்ற இடம். 2 செ.மீ.க்கும் குறைவென்றால் தரையில் நடாதீர்கள், 30 முதல் 40 செ.மீ. உயரத்துக்கு மேடு கட்டி அதன்மேல் நடுங்கள். 10 செ.மீ.க்கு மேல் இறங்கினால் மண் தண்ணீரைப் பிடித்துவைக்காது, மட்கு உரமும், மண்ணை மூடும் காய்ந்த தழையான மூடாக்கும் கூடுதலாக வேண்டும். கோடையில் எடுத்த அளவை மட்டும் நம்பாதீர்கள். நிலத்தடி நீர் மேலே ஏறிவரும் மழைக்காலத்தில் அதே குழி வேறு கதை சொல்லும், எனவே அப்போதும் ஒருமுறை சோதியுங்கள்.

அடுத்தது வெயில். காலை, நண்பகல், மாலை என மூன்று வேளையும் நிழல் எங்கே விழுகிறது என்று ஒரு தாளில் வரையுங்கள். சூரியன் வருடத்துக்குள் வடக்கும் தெற்குமாக நகர்வதால், ஜூனில் வெயில் விழும் இடம் டிசம்பரில் சுவரின் நிழலுக்குள் போயிருக்கலாம். ஆறு மாத இடைவெளியில் இரண்டு முறை வரைந்தால் நல்லது.

படி 2: ஐந்து வகைச் செடிக்கு மேல் எடுக்காதீர்கள்

அரிய செடிகளின் பட்டியல் கையில் கிடைத்ததும் இருபதையும் வாங்கத் தோன்றும். முதல் வருடத்தில் ஒவ்வொரு செடிக்கும் தண்ணீர், களை, கவாத்து எல்லாம் தனித்தனியாகப் பார்க்க வேண்டியிருக்கும். ஐந்துக்கு மேல் போனால் எல்லாமே அரைகுறையாகும். இன்னொரு நிபந்தனையும் வைத்துக்கொள்ளுங்கள். நடுவதற்கு முன் அந்தக் கீரையோ கிழங்கோ ஒரு கைப்பிடி வாங்கிச் சமைத்துச் சாப்பிட்டுப் பாருங்கள். வீட்டில் யாரும் தொடாத கீரை பதினைந்து வருடம் தோட்டத்தில் நிற்பதில் பயனில்லை.

தொடக்கத்துக்கு நாங்கள் பரிந்துரைப்பவை இவை, இவற்றிலிருந்து உங்களுக்கு ஏற்றவற்றைத் தேர்ந்தெடுங்கள்.

சாயா என்கிற மரக்கீரை. மெக்சிகோவின் யுகடான் பகுதியைச் சேர்ந்தது. இரண்டு, மூன்று மீட்டர் வளரும் புதர், வறட்சி தாங்கும், பூச்சி அதிகம் அண்டாது. நல்ல வெயிலும் வடிகாலும் கேட்கும். இலையைப் பச்சையாகச் சாப்பிடக் கூடாது. காரணம் ஒன்பதாம் படியில்.

தவசிக்கீரை. பல ஊர்களில் மல்டிவைட்டமின் கீரை என்ற பெயரில்தான் கிடைக்கும். அரை நிழலில் செழிக்கும், மற்ற மரங்களுக்கு அடியில் வைக்க ஏற்றது.

சிறகு அவரை. இலை, பூ, பிஞ்சு, வேர்க்கிழங்கு நான்கும் உணவு. வேர் முடிச்சுகள் வழியாக மண்ணில் தழைச்சத்தும் சேர்க்கும். ஒன்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்: பகல் நேரம் குறையத் தொடங்கினால்தான் இது பூக்கும். நீண்ட பகல் உள்ள மாதங்களில் கொடி எவ்வளவு தழைத்தாலும் பூ வராது. உரக்குறை என்று நினைத்து மேலும் மேலும் உரம் கொட்டுவது இங்கே எல்லோரும் செய்யும் தவறு. உரம் கூடினால் இலைதான் கூடும்.

பழுபாகல். மேலே உள்ள கொடி வருடா வருடம் காய்ந்துவிடும், மண்ணுக்குள் கிழங்கு உயிரோடு இருந்து அடுத்த மழைக்குத் துளிர்க்கும். கொடி காய்ந்ததைப் பார்த்துச் செத்துவிட்டது என்று அந்த இடத்தைக் கொத்திவிடுகிறார்கள். நடும்போதே பக்கத்தில் ஒரு தடி ஊன்றி வையுங்கள்.

கூவைக்கிழங்கு. நிழலில் விளையும் மாவுக்கிழங்கு, பத்து முதல் பன்னிரண்டு மாதத்தில் எடுக்கலாம். பல்லாண்டுச் செடிதான் என்றாலும் தோண்டாமல் விட்ட பழைய கிழங்கு நார் பாய்ந்து மாவு எடுக்கப் பயன்படாமல் போகும். வருடந்தோறும் எடுத்து ஒரு பகுதியைத் திரும்ப நட வேண்டும்.

ரம்பை. வாசனை இலைக்காக வளர்ப்பது. இது விதை தராது, பக்கக் கன்றுதான் எளிய வழி. ஈரமும் அரை நிழலும் போதும்.

இவற்றுக்குத் துணையாக வேலியோரம் கிளைரிசிடியா, சரிவான நிலமென்றால் வெட்டிவேர். இரண்டும் உண்பதற்கல்ல. ஒன்று உரம் தரும், மற்றது மண்ணைப் பிடிக்கும். இந்த இரண்டையும் மற்றவற்றுக்கு ஆறு மாதம் முன்பே நட்டுவிட்டால், தழையும் தடுப்பும் தேவைப்படும் நேரத்தில் தயாராக இருக்கும்.

உறைபனி விழும் நாட்டில் இருப்பவர்கள் ருபார்ப், அஸ்பாரகஸ் இரண்டிலிருந்து தொடங்கலாம். ருபார்பில் காம்பு மட்டுமே உணவு, இலை நச்சு. முதல் வருடம் ஒரு காம்பைக்கூட இழுக்காதீர்கள். அஸ்பாரகஸின் வேர்த்தொகுதியை 15 முதல் 20 செ.மீ. ஆழப் பள்ளத்தில் வைத்து, முளை உயர உயர மண்ணைச் சிறிது சிறிதாக நிரப்புங்கள். முதல் இரண்டு வருடம் முளையை வெட்டாமல் பொறுத்திருந்தால் பதினைந்து வருடத்துக்கும் மேல் பலன் தரும்.

படி 3: பெயரும் பாலினமும் சரிதானா என்று பாருங்கள்

வட்டாரப் பெயரை மட்டும் நம்பி வாங்குவதுதான் பெரிய பொறி. கூவை என்ற ஒரே பெயரில் இரண்டு வெவ்வேறு செடிகள் கைமாறுகின்றன. ஒன்று மேலே சொன்ன மராந்தா அருண்டினேசியா, மற்றது மஞ்சள் இனத்தைச் சேர்ந்த குர்குமா அங்குஸ்டிஃபோலியா. இரண்டிலும் மாவு கிடைக்கும், ஆனால் வளர்ப்பு முறை வேறு. இரண்டாவது வறண்ட காலத்தில் இலை உதிர்த்து உறங்கிவிடும். எதை வாங்கினாலும் தாவரவியல் பெயரைக் கேட்டு எழுதி வாங்குங்கள். விற்பவருக்கே தெரியவில்லை என்றால் இலை, பூ, தண்டு மூன்றையும் படமெடுத்து, ஒரு தாவரவியல் நூலோடு ஒப்பிட்ட பிறகே வாயில் வையுங்கள்.

கொடியிலேயே காய்போல் தொங்கும் வள்ளிக்கிழங்கில் (கொடிவள்ளி) இந்த எச்சரிக்கை இன்னும் முக்கியம். சாகுபடியில் உள்ள நல்ல வகையும் காட்டுவகையும் கொடியில் ஏறக்குறைய ஒன்றுபோல இருக்கும். காட்டுவகைக் காய் கசக்கும், நஞ்சும் உண்டு. காட்டிலிருந்தோ வேலியிலிருந்தோ எடுத்த காயை நடாதீர்கள். ஏற்கெனவே சமைத்துச் சாப்பிடுபவரிடமிருந்து வாங்குங்கள்.

அடுத்தது ஆண், பெண். பழுபாகல், கோவை இரண்டிலும் ஆண் கொடி வேறு, பெண் கொடி வேறு. விதையில் முளைப்பவற்றில் ஏறக்குறைய பாதி ஆணாகவே இருக்கும். கோவையை விதையில் தொடங்கவே வேண்டாம், காய்க்கும் கொடியிலிருந்து தண்டு வெட்டி நடுங்கள். பழுபாகலைக் கிழங்காக வாங்கும்போது, பூத்த சமயத்தில் பார்த்து அடையாளமிட்ட கிழங்கா என்று கேளுங்கள். பழுபாகலில் பத்துப் பெண் கொடிக்கு ஓர் ஆண் கொடி போதும். ஆனால் அந்த ஒன்று இல்லாவிட்டால் பெண் கொடி பத்திலும் காய் இருக்காது.

பழுபாகல் பூவைக் கையில் எடுத்துப் பார்த்தால் குழப்பம் தீரும். பெண் பூவின் இதழுக்குக் கீழே கடுகைவிடச் சற்றுப் பெரிதாக, மெல்லிய பூமுட்களோடு ஒரு குட்டிப் பிஞ்சு ஒட்டியிருக்கும். ஆண் பூவின் அடியில் பிஞ்சு இருக்காது. அதற்குப் பதிலாக மொட்டை அணைத்தபடி கிண்ணம் போன்ற ஓர் இலைச்செதில் இருக்கும்.

படி 4: காகிதங்களை வரிசை மாற்றாமல் வாங்குங்கள்

உள்ளூரிலேயே கிடைத்தால் இந்தப் படியைத் தாண்டிப் போகலாம். எல்லை தாண்டி வரவழைக்கிறீர்கள் என்றால் வரிசை முக்கியம். பல நாடுகளில் முதலில் இறக்குமதி அனுமதி வாங்க வேண்டும். அதில் எழுதியுள்ள நிபந்தனைகளை ஏற்றுமதி செய்பவருக்கு அனுப்ப வேண்டும். அந்த நிபந்தனைப்படி அவருடைய நாட்டின் தாவரப் பாதுகாப்புத் துறை செடியைச் சோதித்துத் தாவர நலச் சான்றிதழ் தரும். அதன் பிறகுதான் பொதி கிளம்ப வேண்டும். பொதி புறப்பட்ட பிறகு வாங்கிய சான்றிதழ் பெரும்பாலும் செல்லாது. சான்றிதழில் தாவரவியல் பெயர் ஓரெழுத்து மாறினாலும் பொதி நின்றுவிடும். உங்கள் அனுமதியில் உள்ள பெயரும் அதுவும் ஒன்றுதானா என்று நகலை வாங்கி முன்கூட்டியே ஒப்பிடுங்கள்.

மண்ணோடு வரும் செடியைப் பெரும்பாலான நாடுகள் உள்ளே விடுவதில்லை. மண்ணைக் கழுவிய வெறும் வேரையோ, தண்டுத் துண்டையோ, விதையையோ கேளுங்கள். ஒரு கவரில் நாலு விதை என்பதற்காகச் சட்டம் தளராது. சான்றிதழ் இல்லாமல் தபாலில் வரும் விதை பறிமுதலாகி அழிக்கப்படும், சில நாடுகளில் அபராதமும் உண்டு. வெளிநாட்டுப் பயணத்தில் கைப்பையில் வைத்துக் கொண்டுவருவதும் இதே குற்றம்தான்.

இன்னும் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். நீங்கள் தேர்ந்தெடுத்த செடி உங்கள் பகுதியின் ஆக்கிரமிப்புத் தாவரப் பட்டியலில் இருக்கிறதா? கொடியில் காய்க்கும் அந்த வள்ளி அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் தடைசெய்யப்பட்ட களை. கோவைக்கொடி பசிபிக் தீவுகளான ஹவாயிலும் குவாமிலும் மரங்களை மூடிக் கொல்கிறது. ஓரிடத்தில் உணவாக இருப்பது இன்னோரிடத்தில் கேடு. இரண்டாவது, பதிவுபெற்ற ரகமா என்பது. ரகப் பாதுகாப்பு உள்ள செடியைப் பெருக்கி விற்க அனுமதி வேண்டும்.

அனுமதிக்கான காத்திருப்பு வாரக்கணக்கில் போகும். நடவுப் பருவத்திலிருந்து பின்னோக்கி எண்ணி, குறைந்தது நான்கைந்து மாதம் முன்பே விண்ணப்பியுங்கள். கோடை நடுவில் வந்து சேரும் வேர்த்துண்டு பிழைப்பது கடினம்.

படி 5: வந்த செடியை நான்கு வாரம் ஒதுக்கி வையுங்கள்

புதுச்செடியை நேரே தோட்டத்துக்குள் கொண்டுபோகாதீர்கள். மற்ற செடிகளிலிருந்து பத்து மீட்டராவது தள்ளி, தரையில் படாமல் வையுங்கள். வாரம் இரண்டு முறை இலையின் அடிப்பக்கத்தையும் காம்பு தண்டோடு சேரும் கக்கத்தையும் பாருங்கள். மாவுப்பூச்சி அங்கேதான் பஞ்சுத்துணுக்கு போல ஒட்டியிருக்கும். தொட்டியிலிருந்து வேரோடு ஒருமுறை உருவிப் பாருங்கள். வேரில் மணி கோத்ததுபோல் வீக்கங்கள் இருந்தால் அது நூற்புழு. அவரைக் குடும்பத்துச் செடிகளில் மட்டும் சந்தேகம் வரும், ஏனென்றால் அவற்றுக்கு நல்ல முடிச்சும் உண்டு. நல்ல முடிச்சு வேரின் ஓரத்தில் ஒட்டியிருக்கும், நகத்தால் தள்ளினால் கழன்று வரும், உடைத்தால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். நூற்புழு வீக்கமோ வேரே தடித்ததாக இருக்கும், கழற்ற முடியாது. நூற்புழு உள்ள செடியைத் தொட்டி மண்ணோடு அப்புறப்படுத்துங்கள். ஒருமுறை நிலத்துக்குள் போய்விட்டால் வெளியேற்ற வழியில்லை.

படி 6: ஒன்றைப் பத்தாக்குங்கள்

பத்துச் செடி வாங்காதீர்கள். ஒவ்வொன்றிலும் ஒன்றோ இரண்டோ வாங்கி, தாய்ச்செடியாக வளர்த்து நீங்களே பெருக்குங்கள். செலவு பத்தில் ஒரு பங்காகிறது, பூச்சி உள்ளே வரும் வாய்ப்பும் குறைகிறது. ஆறு மாதம் தாமதமாகும், அவ்வளவுதான்.

தண்டை ஊன்றி வேர்பிடிக்க வைக்கும் ஊடகம் எளிது. கழுவிய ஆற்றுமணல் ஒரு பங்கு, தென்னை நார்க்கழிவு ஒரு பங்கு. உரம் சேர்க்காதீர்கள். வேர் இல்லாத தண்டுக்கு உரம் தேவையில்லை, அழுகலைத்தான் கூட்டும்.

சாயாவுக்குப் பச்சைநுனி உதவாது. விரல் தடிமனில், பழுப்பேறிய தண்டை 20 முதல் 30 செ.மீ. நீளத்துக்கு வெட்டுங்கள். வெட்டிய இடத்தில் வெள்ளைப் பால் கொப்பளிக்கும், கையில் பட்டால் அரிக்கும், உறை போட்டுக்கொள்ளுங்கள். வெட்டியவுடன் நட்டால் பத்தில் பாதி அழுகும். நிழலில் மூன்று முதல் ஐந்து நாள் கிடத்தி, வெட்டுவாய் தோல் கட்டிய பிறகு மூன்றில் ஒரு பங்கு புதையும்படி ஊன்றுங்கள். முதல் இரண்டு வாரம் ஊடகம் ஈரப்பதமாக இருந்தால் போதும், நனைந்து சொட்டக் கூடாது. இங்கே ஓர் ஏமாற்று உண்டு. பத்தாம் நாளிலேயே துளிர் வரும். அது தண்டில் சேமித்திருந்த சத்தில் வந்த துளிர், வேர் இன்னும் வந்திருக்காது. துளிரைப் பார்த்துப் பிடுங்கி நட்டவர்கள் எல்லோரும் இழக்கிறார்கள். தண்டை மெல்ல இழுத்துப் பாருங்கள், மண் எதிர்த்துப் பிடித்தால்தான் வேர். அதற்கு ஆறு முதல் எட்டு வாரம் வேண்டும். அடித்தண்டை அழுத்தும்போது மெத்தென்று இருந்து புளித்த வாடை வந்தால் அந்தத் துண்டை உடனே எடுத்துவிடுங்கள்.

தவசிக்கீரை அதைவிட எளிது. பென்சில் தடிமனுள்ள முதிர்ந்த தண்டில் நான்கைந்து கணு இருக்கும்படி 20 செ.மீ. வெட்டி, இலைகளைக் கிள்ளிவிட்டு, இரண்டு கணு புதையும்படி நிழலில் ஊன்றுங்கள். இதைக் காயவைக்க வேண்டாம்.

சிறகு அவரை விதையின் தோல் கடினமானது. கண் உள்ள பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தை நகவெட்டியால் லேசாகக் கீறி, இரவு முழுவதும் ஊறவைத்து, பருத்த விதைகளை மட்டும் நடுங்கள். பருக்காதவற்றை மறுபடி கீறி ஊறவையுங்கள்.

கூவைக்கிழங்கின் நுனிப்பகுதியில் இரண்டு மூன்று கணு வரும்படி துண்டுபோட்டு 5 முதல் 8 செ.மீ. ஆழத்தில் படுக்கவைத்து நட வேண்டும். கிளைரிசிடியாவுக்குக் கட்டைவிரலைவிடத் தடித்த, ஒரு மீட்டருக்கு மேல் நீளமுள்ள கொம்பை நேராக வேலியில் ஊன்றிவிடலாம். தலைகீழாக ஊன்றிவிடாமலிருக்க வெட்டும்போதே அடிப்பக்கத்தைச் சாய்வாகவும் மேற்பக்கத்தை நேராகவும் வெட்டுங்கள்.

படி 7: மழை தொடங்கியதும் நடுங்கள்

நடவுக்குச் சரியான நேரம் நல்ல மழை இரண்டு பெய்து மண் ஒரு முழம் ஆழத்துக்கு நனைந்த பிறகு. மழைக்காலத்தின் முடிவில் நட்டால் வேர் இறங்குவதற்குள் வறட்சி வந்துவிடும். வருடம் முழுவதும் நீங்கள்தான் தண்ணீர் சுமக்க வேண்டியிருக்கும்.

குழி வேர்க்கட்டியின் ஆழமே இருந்தால் போதும், அகலம் அதைப்போல இரண்டு மூன்று மடங்கு இருக்கட்டும். எடுத்த மண்ணையே திருப்பிப் போடுங்கள். குழிக்குள் மட்கை நிரப்பினால் வேர் அந்தச் சொகுசிலேயே சுற்றிக்கொண்டிருக்கும், மட்கு இறுகும்போது செடியும் தாழ்ந்து பள்ளத்தில் தண்ணீர் நிற்கும். மட்கை மேலே பரப்புங்கள், மண்புழுக்கள் அதை உள்ளே இழுத்துக்கொள்ளும்.

இடைவெளி: சாயாவுக்கு ஒன்றரை மீட்டர், தவசிக்கீரைக்கு முக்கால் மீட்டர், கூவைக்கு 30 செ.மீ., ரம்பைக்கு ஒரு மீட்டர். நட்ட அன்று எல்லாம் வெறிச்சோடித்தான் தெரியும். நடுவில் உள்ள இடத்தில் முதல் வருடம் குறுகிய காலக் கீரையைத் தூவிக்கொள்ளுங்கள். நெருக்கி நடாதீர்கள். பழுபாகலுக்கும் சிறகு அவரைக்கும் இரண்டு மீட்டர் உயரப் பந்தலை நடுவதற்கு முன்பே போடுங்கள், பிறகு கால் நட்டால் கிழங்கைக் குத்துவீர்கள்.

வெட்டிவேரை ஒவ்வொரு வரிசையும் சமமட்டத்தில் இருக்கும்படி, சரிவுக்குக் குறுக்கே நட வேண்டும். தூரை மும்மூன்று கிளைப்புகள் கொண்ட சிறு தூர்களாகப் பிரித்து, தாளை 20 செ.மீ.க்கும் வேரை 10 செ.மீ.க்கும் கத்தரித்து, 10 முதல் 15 செ.மீ. இடைவெளியில் நெருக்கமாக வையுங்கள். நடுவில் ஒரு தூர் செத்தாலும் அந்த இடைவெளி வழியாகத் தண்ணீர் பாய்ந்து மண்ணை அறுக்கும், ஒரு மாதத்துக்குள் அங்கே புதுத் தூரை நட்டு நிரப்பிவிடுங்கள். வேருக்காக வளர்ப்பதென்றால் தனி மேட்டில் அல்லது மணல் நிரப்பிய சாக்கில் வளருங்கள். சரிவில் மண்ணைப் பிடிக்க நட்ட வரிசையை வேருக்காகத் தோண்டினால், நட்டதற்கே அர்த்தமில்லாமல் போகும்.

நட்டு முடித்ததும் மூடாக்கு. காய்ந்த இலை, வைக்கோல், தழை எதுவானாலும் 10 செ.மீ. கனம். பத்துச் சதுர மீட்டருக்கு ஒரு கன மீட்டர் தேவைப்படும், அது நினைப்பதைவிடப் பெரிய குவியல். நடவுக்கு முன்பே சேர்த்து வையுங்கள். தண்டைச் சுற்றி ஒரு சாண் இடத்தை மூடாமல் விடுங்கள். தண்டோடு அணைத்துப் போட்ட ஈர மூடாக்கில் அடித்தண்டு அழுகும், எலியும் பட்டையைக் கடிக்கும்.

படி 8: முதல் வருடம் தண்ணீரும் பொறுமையும்

மழை இல்லாத முதல் மாதம் செடிக்கு ஐந்து லிட்டர், மூன்று நாளுக்கு ஒருமுறை. இரண்டாம் மாதத்திலிருந்து பத்து லிட்டர், வாரம் ஒருமுறை. அளவைக் கூட்டி நாளைத் தள்ளிப்போடுவதுதான் நோக்கம். தினமும் ஒரு சொம்பு ஊற்றினால் வேர் மேல்மண்ணிலேயே பரவும், நீங்கள் ஒரு வாரம் வெளியூர் போனால் செடி வாடும். இருபது செடி என்றால் வாரத்துக்கு இருநூறு லிட்டர். அந்தத் தண்ணீர் கோடையிலும் கிடைக்குமா என்று நடவுக்கு முன் கணக்குப் போட்டுவிடுங்கள்.

இலைச் செடிகளில் ஆறு மாதம் வரை அறுவடை இல்லை. நுனியை மட்டும் கிள்ளலாம், அது பக்கக்கிளை வருவதற்காக. கிழங்குக் கொடிகளில் முதல் வருடம் இலையைக்கூட எடுக்காதீர்கள். இலை தயாரிக்கும் உணவுதான் கிழங்குக்குள் போய் அடுத்த வருடத்துக்கு முளைக்கிறது.

படி 9: அறுவடை செய்யும் முறையும், பச்சையாக உண்ணக் கூடாதவையும்

சாயாவில் ஒரு தடவைக்குப் பாதி இலைக்கு மேல் எடுக்க வேண்டாம். வருடத்துக்கு ஒருமுறை, மழைக்கு முன், ஒரு மீட்டர் உயரத்தில் வெட்டிவிடுங்கள், இல்லையென்றால் கைக்கு எட்டாது. இலையில் சயனைடு வெளியிடும் சேர்மங்கள் இருக்கின்றன. நறுக்கி, கொதிக்கும் நீரில் மூடி போடாமல் இருபது நிமிடம் வேகவைத்தால் நஞ்சு ஆவியாகிப் போய்விடும். மூடி போட்டால் பாத்திரத்துக்குள்ளேயே தங்கும். அலுமினியப் பாத்திரம் வேண்டாம். பச்சையாக அரைத்துச் சாறு குடிக்கச் சொல்லும் காணொளிகளைப் பார்த்தால் கடந்துபோய்விடுங்கள்.

தவசிக்கீரையை ஒரு மீட்டர் உயரத்தில் வைத்துக்கொண்டு நுனி 15 செ.மீ.யை ஒடித்தால் இரண்டு மூன்று வாரத்தில் மறுபடி வரும். இதையும் சமைத்தே, அளவோடு சாப்பிடுங்கள். 1990களில் தைவானில் எடை குறைப்பதற்காக இதன் பச்சைச் சாற்றை வாரக்கணக்கில் குடித்தவர்களுக்கு நுரையீரலின் நுண்குழாய்கள் திரும்பச் சரியாகாதபடி அடைபட்டன. சிலர் இறந்தார்கள், சிலருக்கு நுரையீரல் மாற்று அறுவை தேவைப்பட்டது. கீரை நல்லது என்பதற்காக எந்த அளவிலும் நல்லது என்று ஆகிவிடாது.

சிறகு அவரைப் பிஞ்சை ஒடித்தால் சட்டென்று முறிய வேண்டும். வளைந்தால் நார் வந்துவிட்டது, அதை விதைக்கு விடுங்கள். முற்றிய விதையை ஊறவைத்து நன்றாக வேகவைக்காமல் உண்ணக் கூடாது.

பழுபாகல் மாலை மங்கும் நேரத்தில் பூக்கும். காய்ப்பு குறைவாக இருந்தால் அந்த நேரத்தில் ஓர் ஆண் பூவைப் பறித்து, இதழ்களைப் பின்னால் மடித்துப் பிடித்து, நடுவிலுள்ள மகரந்தத்தைப் பெண் பூவின் சூலக முடியில் மெல்லத் தேயுங்கள். ஓர் ஆண் பூ நாலைந்து பெண் பூக்களுக்குப் போதும். இரண்டு மூன்று நாளில் பிஞ்சு பளபளவென்று பருத்தால் சேர்ந்துவிட்டது. மஞ்சளாகிச் சுருங்கினால் மறுநாள் மாலை சற்று முன்னதாகப் போங்கள்.

படி 10: உரத்தை வேலியில் வளருங்கள்

இரண்டாம் வருடத்திலிருந்து வெளியே உரம் வாங்காமல் நடத்த முடியும். கிளைரிசிடியாவை மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு மீட்டர் உயரத்தில் வெட்டி, தழையைச் செடிகளின் அடியில் மூடாக்காகப் போடுங்கள். இது மென்மையான தழை, சில வாரத்தில் மட்கிவிடும். களையை அடக்க வேண்டுமென்றால் மேலே வைக்கோல் போன்ற மெதுவாக மட்குவதையும் சேர்க்க வேண்டும். வெட்டிவேரின் தாளும் அதற்கு ஏற்றது, எளிதில் மட்காது.

அகத்தியையும் இப்படி வெட்டலாம் என்று நினைக்காதீர்கள். அடிக்கடி மொட்டையடித்தால் பட்டுப்போகும், அதில் பக்கக்கிளையை மட்டும் கழிக்கலாம். சூபாபுல் நன்றாகத் துளிர்க்கும், ஆனால் விதை விழுந்த இடமெல்லாம் முளைத்து அடங்காத களையாகும். ஏற்கெனவே நிலத்தில் இருந்தால் காய் முற்றுவதற்கு முன் வெட்டுங்கள், புதிதாக நட வேண்டாம்.

படி 11: பதிவேடு, பரவல் கண்காணிப்பு

நட்ட நாள், தாவரவியல் பெயர், எங்கிருந்து வந்தது, ஆணா பெண்ணா, முதல் துளிர், முதல் பூ. இந்த ஆறு தகவல்களும் ஒவ்வொரு செடிக்கும் ஒரு பக்கத்தில் இருக்கட்டும். பெயர்ப்பலகையில் பேனாவால் எழுதினால் ஒரே கோடையில் வெளுத்துவிடும். அலுமினியத் தகட்டில் ஆணியால் கீறி எழுதிக் கம்பியால் கட்டுங்கள். தண்டில் இறுக்கிக் கட்டாமல், பக்கத்துத் தடியில் கட்டுங்கள், இல்லையென்றால் தண்டு பருக்கும்போது கம்பி உள்ளே இறங்கி அறுத்துவிடும்.

கொடிவள்ளி வைத்திருப்பவர்கள் இலை மஞ்சளாகும் பருவத்தில் வாரம் இரண்டு முறை கொடியின் அடியைக் கூட்டிப் பாருங்கள். கோலிக்குண்டு அளவுள்ள காய்கூட முளைக்கும், மழைநீரில் உருண்டு ஓடைக்குப் போனால் அங்கேயும் முளைக்கும். பொறுக்கிய சிறுகாய்களை மட்குக்குழியில் போடாதீர்கள், அங்கே முளைத்துவிடும். வேகவைத்த பிறகே மட்கில் சேருங்கள். வெளியூர் போக நேர்ந்தால், கொடி காய்வதற்குக் காத்திருக்காமல் கைக்கு எட்டும் காய்களை எல்லாம் முன்னதாகவே பறித்துவிட்டுக் கிளம்புங்கள்.